சாப்பிட்டேன்மா

"தினமும் மத்தியானம் எங்கம்மாகிட்டேருந்து ஒரு மெசேஜ் வரும். என்ன வரும்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார் பேராசிரியர்.

"சாப்பிட்டியா!" வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

"பார்த்தீங்களா? அவங்களைப் பார்த்தே இராத உங்களுக்கே தெரியுது. அடுத்து என்ன வரும்னு எவ்வளவு தெரியாம இருக்கோமோ, அவ்வளவு என்ட்ரோபி. எங்கம்மாவோட என்ட்ரோபி சுத்தமா பூஜ்ஜியம். முன்னாலேயே தெரிஞ்ச சேதியில தகவலே கிடையாது."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

"அப்போ பதில் போட மாட்டீங்களா சார்?" முன்வரிசைப் பெண் கேட்டாள்.

"நான் எதுக்குப் போடணும்? போனே போட்டுடும். அம்மாகிட்டேருந்து எது வந்தாலும் 'சாப்பிட்டேன்மா'ன்னு தானா போற மாதிரி பண்ணி வெச்சிருக்கேன்."

"அம்மா பாவம் சார்."

"இதுல என்ன பாவம்? அவங்களுக்குப் பதில் வேணும், எனக்கு நேரம் வேணும். ரெண்டு பேருக்கும் கிடைச்சாச்சு."

அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திணறியிருப்பார். மனைவி பிரிந்துபோன வீட்டில் அவரும் தொலைக்காட்சியும்தான். பேங்க், கரண்ட் பில் தவிர, மனிதர் என்று பார்த்தால் அவருக்கு மெசேஜ் போடுவது அம்மா ஒருத்திதான். அதையும் அவர் திறந்து பார்த்துப் பல மாதமாயிற்று.

'சாப்பிட்டேன்மா' போகிற பல நாள்களில் அவர் சாப்பிட்டிருப்பதும் இல்லை. அது வேறு.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது போன் அதிர்ந்தது. அம்மாவின் கீழ் வீட்டுக்காரம்மா.

"தம்பி, உங்கம்மா சமையலறையில விழுந்துட்டாங்க. குழாயைக்கூட மூட முடியாம தரையிலேயே கிடந்திருக்காங்க. தண்ணி எங்க வீட்டுக்குள்ள ஒழுகவும்தான் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில இருக்கோம். உடனே கிளம்பி வாங்க!"

கிடைத்த பஸ்ஸில் ஏறினார். அம்மா ஏன் தன்னைக் கூப்பிடவில்லை என்று கோபம்கூட வந்தது. வகுப்பு நேரத்தில் போன் பண்ணாதே என்று ஒருமுறை தானே எரிந்து விழுந்தது அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மெசேஜ்களைத் திறந்தார்.

"கால் வழுக்கி விழுந்துட்டேன்ப்பா. எழுந்திரிக்க முடியல."

"சாப்பிட்டேன்மா."

"கீழ் வீட்டு நம்பர் உன்கிட்டதானே இருக்கு? கொஞ்சம் வரச் சொல்றியா?"

"சாப்பிட்டேன்மா."

"சரிப்பா."

"சாப்பிட்டேன்மா."

அத்தனை பேர் நெருக்கியடித்து நின்ற பஸ்ஸில் அவர் வாய்விட்டு அழுதார். யாரும் என்னவென்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இடுப்பில் பெரிய கட்டு. அவரைக் கண்டதும் கீழ் வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டார்.

"ஒத்தப் பிள்ளை இருந்து என்ன தம்பி பிரயோஜனம்? போன் அவங்க கையிலேயேதான் இருந்திருக்கு. உங்களுக்குச் சொல்லாமயா இருந்திருப்பாங்க? நீங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார்.

அம்மா கண்ணைத் திறந்து, முந்திக்கொண்டாள்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தா என் பிள்ளை பறந்து வந்திருக்க மாட்டானா?"