மப்ரூக்காவின் ஈர மணிகள்

துனீசியாவின் தென்கோடியில், மாடி, முற்றம், தெரு எல்லாமே வெயிலைக் கரண்டாக்கி விற்கிற கம்பெனிக்குக் குத்தகை போன முதல் கோடை அது, கண்ணுகளா. மப்ரூக்கா பழக்கதோஷத்தில் ரவையைப் பிசறி உருட்டி, வருஷச் சாப்பாட்டுக்கான கூஸ்கூஸ் மணிகளை மாடியில் கம்பெனி பதித்த சூரியத் தகடுகள்மேல் காயப் போட்டுவிட்டாள்.

"அள்ளுக்கா. இந்த வெயில் கடல் தாண்டி பிரான்சுக்கு, மார்சேய்க்குப் போகணும்," என்றான் கம்பெனிக் காவலாளி.

வீட்டுக்குள் பரப்பிய ஈர மணிகள் பூசணம் பிடித்தன. மார்சேயில் வீட்டுவேலை பார்க்கும் மகள் ஹயாத் போனில் சொன்னாள்:

"அடுத்த தடவை இங்க அனுப்பும்மா. ஹீட்டர்ல காய வச்சுத் தர்றேன்."

"அது நம்ம வெயில்லயா எரியுது?"

"ஆமாம்மா."

"அப்ப நல்லாத்தான் காயும்."

மப்ரூக்கா மணிகளை ஆட்டுக்குக் கொட்டினாள். ஆடு முகர்ந்துவிட்டு விலகிப்போனது. வருஷத்துக்கு அவளிடம் இருந்ததே அவ்வளவுதான்.