திறந்த வாய்

இந்தக் காலத்தில் ஊட்டிவிடுவதைக்கூட போனில்தான் செய்கிறார்கள். எனக்கு அந்தச் சனியன்மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. என் மகன் கதிரேசன் எல்லையில் சண்டையில் இருக்கிறான். இன்று அவனுக்குப் பிறந்தநாள். மத்தியானம் வீடியோவில் வந்தான். மருமகள் மலர்க்கொடி ஒரு ஸ்பூன் பாயசத்தை போன் முன்னால் நீட்டி, "ஆ காட்டுங்க" என்றாள். "ஏய், பக்கத்துல பசங்க சிரிக்கிறானுங்கடி" என்றான். அப்புறம் வாயைத் திறந்தான். படம் அப்படியே நின்றுவிட்டது.

"லைன் போச்சு. கட் பண்ணிட்டு மறுபடி போடும்மா" என்றேன்.

"கட் பண்ணா திரும்பக் கிடைக்க மாட்டாரு மாமா. வாயத் தொறந்துட்டாருல்ல, இப்ப வாங்கிக்குவாரு."

சார்ஜரைச் செருகிவிட்டு நீட்டிய கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். பாயசம் ஆறி ஏடு கட்டிவிட்டது. கை சோர்ந்ததும் மறு கையால் தாங்கிக்கொண்டாள்.

தாயில்லாத பிள்ளைக்கு ஊட்டி வளர்த்தவன் நான். சாப்பிட வாயைத் திறந்தால் கதிரேசன் கண்ணை மூடிக்கொள்வான். ராணுவத்துக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. போனில் இருந்தவனுக்குக் கண் இரண்டும் விரிந்திருந்தன. பார்வை எங்கள் பக்கம் இல்லை. அது பாயசத்துக்குத் திறந்த வாய் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"நீங்க குடுங்க மாமா. நீங்க குடுத்தா வாங்கிக்குவாரு."

ஸ்பூனை வாங்கி, "கதிரு, ஆ காட்டுய்யா" என்று பிடித்தேன். கண் மூடவில்லை. படம் எப்படி மூடும்? ஸ்பூனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன்.