பதினோராவது ஊசி

கொழும்புத்துறைக்கு வந்த மிருக வைத்தியர் ஆரணி ஊசியைக் கையில் எடுத்ததுமே, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தில்லையம்பலத்தின் தலை தெரிந்தது.

“சைவச் சனம் இருக்கிற இடத்திலை பண்டி வளர்ப்பு! மாநகரசபைக்கு மூண்டு பெட்டிசம் எழுதிப் போட்டிட்டன்.”

“அதுக்கு நான் வரேல்லை, ஐயா. பால் மறக்கடிக்கிற குட்டியளுக்குத் தடுப்பூசி போட வந்தனான்.”

“ஊசி போட்டால் காய்ச்சல் வருமோ?”

“ஒரு நாளைக்குக் கொஞ்சம் காயும்.”

“விடிய விடியக் கத்துமோ?”

“கத்தாது.”

“சாப்பிடுமோ?”

பன்றிகளின் சொந்தக்காரி ஜெசிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. “சாப்பிட்டால் உங்களுக்கென்ன, சாப்பிடாட்டி உங்களுக்கென்ன?”

ஆரணி ஒவ்வொரு குட்டிக்கும் ஊசி போட்டு, முதுகில் நீல மையால் கோடு இழுத்தார். பத்துக் கோடுகள்.

“பிறக்கேக்கை பதினொரு குட்டி எண்டுதானே சொன்னியள்?”

“ஒண்டு நோஞ்சான், டொக்டர். அந்தக் கிழமையே காணாமல் போச்சுது. நாய் கொண்டு போயிருக்கும்.”

வேலிக்கு மேலிருந்த தலை மறைந்தது. சற்று நேரத்தில் படலை திறந்தது. துவாயில் சுற்றிய எதையோ நெஞ்சோடு அணைத்தபடி தில்லையம்பலம் உள்ளே வந்தார். துவாய்க்குள்ளிருந்து ஒரு பன்றிக்குட்டி எட்டிப் பார்த்தது. அதன் கன்னத்தில் கண்ணூறு படாமல் இருக்க வைத்த கறுப்புப் பொட்டு.

ஜெசிந்தா துவாயை விலக்கிப் பார்த்தாள்.

ஆரணி ஊசியில் மருந்தை ஏற்றினார். “பால் மறக்கடிச்சாச்சோ?”

“இல்லை, பிள்ளை.” தில்லையம்பலம் குரலைத் தாழ்த்தினார். “போத்தலைப் பறிச்சால் அழுறான்.”