இருபத்திரண்டரை சவரன் எந்தக் கணக்கில்

ஆடிட்டர் மூன்றாவது விரலை மடக்கியபோது அவள் மாலையைச் சரிசெய்வதை நிறுத்தினாள்.

முதல் விரல், அவள் தங்கம் இப்போது இருக்கும், அவள் பெயரிலான தனிக்கணக்கு. வரி விழும்.

இரண்டாவது விரல், அவள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சேர்ந்த கணக்கு. அதிலும் வரி விழும். கொஞ்சம் மரியாதையாக விழும்.

மூன்றாவது விரல், மாப்பிள்ளை வீட்டுக் கூட்டுக் குடும்பக் கணக்கு. வரி குறையும். கையெழுத்து போடும் உரிமை மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும்.

"உன் தங்கம் எங்கயும் போயிடாதும்மா," என்றார் ஆடிட்டர். அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். "குடும்பத்துக்குள்ளதான இருக்கப் போகுது. விக்கணும்னு வையி, உன் மாமனார் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

நிச்சயதார்த்த மண்டபமே தலையாட்டியது.

மாமனார் ஆகவிருந்தவர் தரையைப் பார்த்தார். பொறுப்பு தேடி வரும்போது பார்க்க வேண்டிய இடம் தரைதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அது அப்பா போட்ட தங்கம் இல்லை. நகையும் இல்லை. ஆறு வருடமாக, சம்பளம் வந்த மறுநாள், மாதம் இரண்டரை கிராம் வீதம் அவளே, பங்குகளைப் போல, டீமேட் என்கிற மின்னணுக் கணக்கில் வாங்கிச் சேர்த்தது. திரையில் வெறும் எண்ணாகத்தான் தெரியும்.

செய்கூலி இல்லை. சேதாரம் இல்லை. திருட்டுப் பயம் இல்லை.

மூன்றையும் பெண் பார்க்க வந்த அன்றே அவள் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

தட்டு மாற்றும் நேரம் வந்திருந்தது. தேங்காய், பழம், வெற்றிலைக்கு நடுவே கணக்கு அறிக்கையின் நகல். நாலு மூலையிலும் அம்மா மஞ்சள் தடவியிருந்தாள். தட்டை அப்பா தூக்கிப் பிடித்திருந்தார். எதிரே கை நீட்ட வேண்டிய மாப்பிள்ளையின் அப்பா ஆடிட்டரின் தலையசைப்புக்காகக் காத்திருந்தார். ராகுகாலத்துக்குப் பதினொரு நிமிடம்.

மாப்பிள்ளையின் அம்மா அந்தத் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"கழுத்துல போட்டுப் பாக்க வழியே இல்லையா இத?"

யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்திருப்பாள். முகம் இடம் கொடுக்கவில்லை.

பக்கத்தில் மாப்பிள்ளை தீபன். போட்டோகிராபருக்காக இருவரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று மாதமாகப் போனில் பேசியவன். 'உன் சம்பளம், உன் இஷ்டம்' என்று நான்கு முறை சொன்னவன். அவள் எண்ணி வைத்திருந்தாள்.

அவனைப் பார்த்தாள்.

அவன் ஆடிட்டரின் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிரிக்கெட் பார்ப்பதுபோல.

தங்கத்தைக் கண்ணால் பார்த்தால் பெரியவர்களுக்குத் திருப்தி என்றார்கள். அதனால் காலையில் அவளேதான் அந்த லேப்டாப்பில் தன் கணக்கைத் திறந்து காட்டினாள். எல்லோரும் எண்ணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு காபி வந்தது. அவள் கணக்கை மூடவில்லை.

மடியில் கைபேசி அதிர்ந்தது.

உங்கள் தங்கத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சம்மதம் என்றால் இந்த ஆறு இலக்க எண்ணை உள்ளிடவும். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இரண்டு முறை படித்தாள்.

ஆடிட்டர் விரல் மடக்கியது அவளிடம் யோசனை கேட்க இல்லை. படிவத்தை அவர் முன்பே நிரப்பி முடித்திருந்தார்.

"நம்பர் வந்திருக்கும் பாரும்மா. சொல்லு."

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

கைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

நான்கு. ஒன்பது. ஒன்று. ஒன்று. ஏழு. இரண்டு.

ஆடிட்டர் ஒற்றை விரலால் தட்டினார்.

"தப்புங்குதேம்மா."

மறுபடியும் சொன்னாள். அதே ஆறு எண்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கிற நிதானத்தில்.

"இப்பவும் தப்புங்குது."

மூன்றாவது முறையும் தப்பானால் கணக்கு ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் போதும்.

எதற்குப் போதும் என்றுதான் தெரியவில்லை. தீபனிடம் தனியாகப் பேசவா. அவன் வாயிலிருந்து 'உன் இஷ்டம்' என்பதை ஐந்தாவது முறையாகக் கேட்கவா.

வாயைத் திறந்தாள்.

தோளுக்கு மேலாகத் தீபன் அவள் கைபேசியை எட்டிப் பார்த்தான். காலையிலிருந்து அவன் பேசியது அப்போதுதான்.

"கடைசி நம்பர் ரெண்டு இல்ல மாமா, எட்டு. பதட்டத்துல மாத்திச் சொல்றா."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தவனின் சிரிப்பு.

"அப்படிச் சொல்லு," என்று ஆடிட்டர் முதலிலிருந்து ஆரம்பித்தார். நாலு. ஒம்போது. ஒண்ணு.

அவள் எழுந்தாள்.

புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு அடி நடந்தாள். போட்டோகிராபர் அதையும் எடுத்தார்.

ஆடிட்டர் அப்போது எட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் விரல் நசுங்கிவிடக் கூடாது. எட்டைத் தொடும் முன் அது விசைகளிலிருந்து உயரும்வரை காத்திருந்து, லேப்டாப்பின் மூடியைச் சாத்தினாள்.

தீபன் ஏதோ கேட்டான். மண்டபத்தின் மற்ற சத்தங்களோடு அதுவும் ஒரு சத்தம்.

அவள் சோபாவுக்குத் திரும்பவில்லை. தட்டை இனி எந்த உயரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் நின்ற அப்பாவைத் தாண்டி, பெண் வீட்டார் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்துக்கு வந்தாள்.

அம்மா அவள் முகத்தை ஒரு முறை பார்த்தாள்.

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.