மச்சான் குரல்

மலைத்தேன் எடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கு மனைவியின் தம்பிதான் கயிறு பிடிப்பான். அக்காள் விதவையாக எந்தத் தம்பியும் விடமாட்டான் என்பது குறும்பர்களின் நம்பிக்கை. அவர்களோடு கூட்டு வியாபாரத்துக்கு வந்த கம்பெனி அந்த வழக்கத்தை மிகவும் மதித்தது. கயிறு பிடிக்கும் இயந்திரத்துக்குத் தேனெடுக்கும் பெள்ளனின் மைத்துனன் கெம்பனுடைய குரலையே வைத்தது.

அன்று பாதிப் பாறையில் புகைப்பந்தம் அணைந்துவிட்டது. தேனீக்கள் பெள்ளனின் முகத்தை அப்பிக்கொண்டன.

"கெம்பா, மேலே இழுடா!" அது இயந்திரம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

"இன்னும் நாலு அடை இருக்கே மாமா. ஒப்பந்தம் அப்படித்தானே?"

கண்கள் வீங்கி மூடின. கயிறு அசையவில்லை.

"டேய், உங்கக்காவை நினைச்சுப் பாருடா!"

மேலிருந்து வந்த குரல் கனிந்தது.

"நீங்க கவலைப்படாதீங்க மாமா. அக்காவைக் கம்பெனி பார்த்துக்கும்."