இடது முன்னங்கால்

நஜீப்பை இந்த வாரம் ஊருக்குப் போகவிடக் கூடாது என்று குதிரைக்காரர் அழகேசன் முடிவெடுத்தபோது காலை மணி எட்டு. பிடரி மயிரைப் பின்னிக் கட்டும் நூலை அறுக்கிற பிளேடு பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நஜீப் மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. கீழக்கரையிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்கு வந்து, கோலசிலாங்கூர் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் குதிரை லாயத்தில் இரண்டு வருடம் தலை நிமிராமல் உழைத்தவன். வந்த புதிதில் ஆளைக் கண்டாலே உதைத்த ரொமானோவை, இசைக்கு அடியெடுத்து வைப்பதுபோல் நடக்கிற குதிரையாக ஆக்கியவன் அவன்தான்.

இன்று உலு யாமில் ஐந்து வயதுக் குதிரைகளின் நடையழகுக்கு மதிப்பெண் போடும் டிரசாஜ் போட்டி. ரொமானோ மேல் ஏறுகிறவன் நஜீப். ரொமானோவை வாங்குவதற்கு ஆள் வந்திருந்தார். ஜெயித்தால் அன்றைக்கே பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்து டிக்கெட்டும் போட்டுத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். தோற்றால் அடுத்த போட்டி மூன்று மாதம் கழித்துத்தான். நஜீப்பின் உம்மாவுக்கு இந்த வாரம் தாண்டாது என்று ராமநாதபுரத்து டாக்டர் கைவிரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அதெல்லாம் தெரிந்துதான் அழகேசன் பிளேடை எடுத்தார்.

காலை ஆறு மணிக்கு முதலாளி கூட்டிவந்த ஆள் ரொமானோவின் இடது முன்னங்காலில் ஊசி போட்டான். மூன்று வாரமாகத் தொட்டால் சுட்ட கால் அது. ஊசிக்குப் பிறகு ரொமானோ நொண்டவில்லை. வலி தெரியாத கால் முறிகிறவரைக்கும் ஓடும். போன வருடம் ஒரு பெட்டைக் குதிரை அப்படித்தான் மைதானத்தில் சாய்ந்தது. அதற்குக் கடைசி ஊசி போடும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அழகேசன்.

நஜீப்பிடம் சொல்லியிருக்கலாம். அவன் ஏற மாட்டேன் என்றால் முதலாளி இன்னொருவனை ஏற்றிவிடுவார். ரொமானோ தப்பாது. அதற்கும் மேலே, உம்மாவா குதிரையா என்று ஒரு மனுஷனை நிறுத்திக் கேட்க அழகேசனுக்கு வாய் வரவில்லை. அந்தப் பாவம் தன்னோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

குதிரையின் வாயில் ஒரு துளி ரத்தம் தெரிந்தாலும் நடுவர் மணியடித்து வெளியே அனுப்பிவிடுவார். கடிவாளத்தை முரட்டுத்தனமாக இழுத்ததன் அடையாளம் அது.

லோரிக்குப் பின்னால் ரொமானோவின் கழுத்தோடு ஒட்டி நின்று, முகத்தை அதன் பிடரியில் புதைத்தபடி, அழகேசன் கட்டைவிரலை அறுத்தார். கடிவாளத்தைச் சரிசெய்வதுபோல் விரலைக் கடைவாய்க்குள் விட்டுத் தேய்த்தார். ரொமானோ கடிக்கவில்லை. அவர் தேய்த்து முடிக்கும்வரை பொறுமையாக வாயைத் திறந்து காட்டியது.

கொஞ்ச நேரத்தில் நஜீப் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக வந்தான். கண்கள் சிவந்திருந்தன. எப்போதும்போல் "என்ன வாப்பா, போவமா?" என்று குதிரையின் நெற்றியைத் தடவிவிட்டு ஏறினான்.

மைதான வாசலில் குதிரையின் வாய் நுரையைக் கடைசியாக ஒருமுறை துண்டால் துடைப்பது வழக்கம். அழகேசன் துடைத்தது போதாது என்று நஜீப்பே இறங்கித் துடைத்த நாட்கள் உண்டு. இன்று எப்படித் தட்டிக்கழிப்பது என்று அழகேசன் தவித்துக்கொண்டிருந்தார். நஜீப் அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தான்.

"இருக்கட்டும்ணே, நேரமாச்சு."

அழகேசனுக்கு மூச்சு திரும்பியது.

ரொமானோ மைதானத்தின் நடுவில் சிலைபோல் நின்றது. நஜீப் தலை தாழ்த்தி வணங்கினான். ஒரு வட்டம் அழகாக முடிந்தது. அடுத்து, கால்களை முழு நீளத்துக்கு வீசி ஓட வேண்டும். இடது முன்னங்கால் அந்த ஓட்டத்தைத் தொடங்குவதற்குள் மணி அடித்தது. ஓர் அதிகாரி வந்து உதட்டோரத்தைப் பஞ்சால் ஒற்றினார். பஞ்சு சிவந்தது. ரொமானோவை விலக்கிவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது.

வாங்க வந்தவர் கார் ஏறிப் போய்விட்டார். நாலு பேர் நிற்கிற இடத்துக்கு முதலாளி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஊர்ல நீ மாட்டு வண்டிதான் ஓட்டுன போல. ரெண்டு வருஷம் தெண்டச் சோறு போட்டேன் லா."

பாஸ்போர்ட்டைப் பற்றி அடுத்த போட்டிக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நடந்தார். நஜீப் கையுறைகளைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து, பைக்குள் வைத்தான்.

திரும்பும் வழியில் அழகேசன் ஓட்டிய லோரி பத்தாங் பெர்ஜுந்தை ஊரைத் தாண்டியது. மருந்து இறங்கியிருக்க வேண்டும். பின்னால் ரொமானோ நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து நஜீப்பின் தங்கை கைப்பேசியில் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அடித்து ஓய்ந்தது.

அழகேசனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செம்பனைகளுக்கு நடுவே லோரியை ஓரங்கட்டினார்.

"தம்பி, உன் கையில ஒரு தப்பும் இல்ல. அது குதிரையோட ரத்தமே இல்ல. என்னோடது."

ஊசியைப் பற்றிச் சொன்னார். காலைப் பற்றிச் சொன்னார். உம்மாவைப் பற்றிச் சொல்ல வந்து, முடியாமல் நிறுத்தினார். அவன் அடித்தால் வாங்கிக்கொள்வது என்று ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நஜீப் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்.

"நீங்க கைய அறுத்தப்போ உங்க பின்னாலதாண்ணே நின்னேன்."