ஆமைச் சீட்டும் ஆயத்தக் கட்டும்

ஏதோ ஒரு ஊரிலே, ஏதோ ஒரு கடையிலே, மாற்றுப்பெட்டிக்குள் விலங்குச் சீட்டாட்டத்தின் ஆமைச் சீட்டு ஒன்று இருந்ததாம். ஒரு சீட்டைப் போட்டால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அதுதான் அந்தப் பெட்டியின் வழக்கம். ஆனால் ஒவ்வொரு சீட்டாகப் பொறுக்கிக் கட்டு சேர்க்கவேண்டிய அந்த ஆட்டத்துக்கு ஆளே வருவதில்லை. இப்படியே போனால் பெட்டியோடு பழைய பேப்பர்காரனிடம் போகவேண்டியதுதான்.

ஒருநாள் கடைக்காரர் புதிதாக, ஆடத் தேவையான சீட்டெல்லாம் சேர்த்தே வரும் ஆயத்தக் கட்டுகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஒரு கட்டுக்குள்ளிருந்து புலிச் சீட்டு கத்தியது.

"என்ன தாத்தா, இன்னுமா காத்துக்கிட்டு இருக்கீரு? இனிமே யாரும் சீட்டு பொறுக்க வேணாம். கட்டைப் பிரிச்சா ஆடலாம்."

"அப்போ என்னை யாருப்பா எடுப்பாங்க?"

"எதுக்கு எடுக்கணும்?"

சாயங்காலம் ஷிபானா, ரெஜினா என்ற இரண்டு தோழிகள் ஆளுக்கொரு கட்டு வாங்கி அங்கேயே ஆடினார்கள். ரெஜினா தோற்றுக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் புலியை ஆட்டத்துல இறக்குறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடுதுடி. ஆமைன்னா முதல் சுத்துலயே இறக்கிடலாம்" என்று புலியைப் பெட்டியில் போட்டு, ஆமையை எடுத்துக்கொண்டாள்.

"தாத்தா, ஆளைக் கூட்டி வந்தது நான்தானே? என்னை ஏன் போட்டாங்க?" என்று பெட்டிக்குள்ளிருந்து புலி கேட்டது.

"எனக்கும் புரியலைப்பா. நாளைக்கும் வருவாங்களாம், இன்னும் நாலு சீட்டு மாத்தணுமாம்."

ரெஜினா கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஷிபானாவுக்குப் பின்னால் படியிறங்கிப் போனாள்.